ஒன்று பெருசு, இரண்டு சிறுசு

18 ஜனவரி 2025, சனி
இங்கிலாந்து நர்ஸ் வேலைக்கான ஆங்கிலத் தேர்வு இரண்டாவது தடவையும் போச்சு. எழுத, படிக்க, கேட்க எல்லாம் பாஸ். பேசுவதில்தான் அடி. பெரம்பலூரில் பன்னிரண்டு வருஷமாக வார்டு பார்க்கிறேன். படிக்கிற காலத்திலிருந்து இந்த ஒரு ஆசைதான். ஆன்லைன் வகுப்பு சாந்தா மேடம் சொன்னார்: "எல்லா அசையையும் ஒரே கனத்துல சொல்றீங்க. ஒண்ணைத் தூக்குங்க, மத்ததை விட்டுடுங்க." எதைத் தூக்குவது? எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்கிறது. மார்ச்தான் கடைசி வாய்ப்பு, அதற்குமேல் ஏஜென்சி காத்திருக்காது.

21 ஜனவரி
வீடு முழுக்க வெங்காய நெடி. என் வீட்டுக்காரர் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து போனில் 'மெடிக்கேஷன்' உச்சரிப்பைத் திரும்பத் திரும்பப் போட்டேன். அவர் நாலு வெங்காயத்தை வரிசையாக வைத்தார். மூன்றாவது மட்டும் பெருசு.
"என்னங்க இது?"
"போன்ல அந்தப் பொண்ணு இப்படித்தான சொல்லுது? மூணாவதுல கனம்."
அகராதியைப் பார்த்தேன். சரி! குன்னம் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்ற மனுஷன்.

22 ஜனவரி
எமர்ஜென்சி: இரண்டாவது பெருசு. ஹாஸ்பிட்டல்: முதல். எல்லாமே சரி. பொறாமையாக இருக்கிறது.

2 பிப்ரவரி
இன்று சண்டை. 'கம்ஃபர்டபிள்' — சௌரியமா இருக்கீங்களா என்று நோயாளியிடம் கேட்கிற வார்த்தை. நான் நாலு அசை என்றேன். அவர் மூன்றுதான் வைத்தார், முதல் பெருசு.
"எழுத்தைப் பாருங்க, நாலு வருது!"
"இங்கிலீஷ் எழுத்து எனக்கெங்க தெரியும் மணி? காதுக்கு மூணுதான் வருது. ஒண்ண முழுங்கிடுது."
அகராதியும் அவர் கட்சி. இத்தனை வருஷமும் நான் எழுத்தைப் பார்த்தே பேசியிருக்கிறேன். என்ன காதுடா சாமி! நாலு பேரிடம் சொல்லிப் பீற்றிக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது.

16 பிப்ரவரி
அலுப்பு. ஒரு வார்த்தையும் நாக்கில் நிற்கல. "பாஸானா நான் போயிடுவேன், தெரியுமில்ல? பேசாம தப்பா அடுக்கிவிடுங்களேன்"னு கத்திட்டேன். ஏன் அப்படிக் கத்தினேன்?
வெங்காயத் தாளை அரிந்துகொண்டே சொன்னார்.
"நீ போறது கஷ்டந்தான். அதுக்காகக் காதுல வுழுந்தத மாத்தி வைக்க முடியுமா?"
இந்த மனுஷனை விட்டுட்டு எப்படிப் போவேன்?

9 ஏப்ரல்
பாஸ். முதல் போன் அவருக்கு. "அப்பாடா" என்றார்.

26 அக்டோபர், ஞாயிறு. லீட்ஸ்
வந்து ஐந்து வாரம். காலையில் ஒரு பெரியவருக்குத் தலையணையைச் சரிசெய்துவிட்டு, கம்ஃபர்டபிளா என்று கேட்டேன். என்ன என்று திருப்பிக் கேட்காமல் தலையாட்டினார்! அதைச் சொல்லத்தான் வீடியோவில் கூப்பிட்டேன். விதை வெங்காயக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, மூன்று வெங்காயத்தை எடுத்து வைத்தார். ஒன்று பெருசு, இரண்டு சிறுசு.
"என்ன வார்த்த?"
சொன்னேன்.
"ம், சரியாத்தான் சொல்ற. அதையேதான் நான் உன்னையும் கேக்குறேன். பதில் சொல்லு."
"இருக்கேங்க" என்றேன்.
"பொய்யி. கனம் வேற எடத்துல வுழுது."