அழித்த பென்சில் தடம்

12 ஆகஸ்ட் 2003, செவ்வாய்

வார்டில் மருந்துச் சீட்டு எழுதுவது என் உதவியாளர் ஸ்டெல்லா. படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டியவன் நான். இன்று விழிஞ்ஞத்து மீனவர் ஒருவருக்கு இதய மாத்திரை 'அரை' என்று பேனாவால் எழுதியிருந்தாள். வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டேன். சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் 'அரை'க்கு அடியில் அழித்த பென்சில் தடம் கண்ணில் பட்டது. 'கால்'.

அவருக்குச் சிறுநீரகம் பலவீனம்; இந்த மருந்து உடம்பில் தேங்கிவிடும். கால்தான் சரி. எம்.டி. படித்தவன் நான்.

"இது என்ன, ஸ்டெல்லா?"

"எனக்குத் தோணுயத முதல்ல பென்சில்ல எழுதுவேன், சார். பிறவு அத அழிச்சிட்டு, சார் எப்பவும் சொல்லுயத பேனாவுல எழுதுவேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சார் கேக்கலியே."

அரையை அடித்துக் கால் என்று திருத்தினேன். கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான். எத்தனை நாளாக இந்தப் பழக்கம்? அவள் போன பிறகு பழைய சீட்டுகளை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நான்கில் அழித்த தடம் இருக்கிறது. என்ன எழுதியிருந்தாள் என்றுதான் தெரியவில்லை. கீழே என் கையெழுத்து மட்டும் நன்றாகத் தெரிகிறது.