படலை திறக்காமலே எரிந்த விளக்கு

என்ர செல்லத் தம்பி குகன்,

உன்னட்ட ஒரு விசயம் கேக்கவேணும் எண்டு கனநாளா நினைச்சுக்கொண்டிருந்தனான். கேட்டாலும் பதில் வராத இடத்துக்கு நீ போட்டாய் எண்டு தெரியும். எண்டாலும், நீ படலையில பூட்டிவைச்ச சாமானைப் பற்றி வேற ஆரிட்ட நான் கேக்கிறது?

உன்ர போன் இப்ப என்னட்டத்தான் இருக்குது. உன்ர ஆண்டுத் திவசம் முடிஞ்ச கிழமை அதில ஒரு செய்தி வந்தது. அலுமாரிக்கு மேல நீ வைச்ச ஹப் எண்ட சின்னப் பெட்டியோட சேர்ந்த சாமான்களுக்குப் புது மென்பொருள் வந்திருக்காம். இப்ப போடட்டோ, பிறகு ஞாபகப்படுத்தட்டோ எண்டு ரெண்டு பொத்தான். வேண்டாம் எண்டு சொல்லப் பொத்தானே இல்லை. மறுக்க இடம் விடாமல் கேக்கிற கேள்வியை நாங்கள் எப்பிடியடா நம்புறது?

உனக்குத் தெரிஞ்ச கதைதான். அங்க உன்ர பக்கத்தில நிண்டு கேக்கிற ஆக்களுக்காகத் திரும்பச் சொல்லுறன். யுத்தத்தின்ர கடைசிச் சண்டையோட அம்மாவுக்குக் காது போச்சுது. நான் கிளிநொச்சி ரவுனுக்கு, மருந்து விக்கிற பாமசிக்கு வேலைக்குப் போனால் வட்டக்கச்சி வீட்டில அவா தனிய. ஆர் வந்து கூப்பிட்டாலும் கேக்காது. நீதான் படலையில ஒரு சின்ன சென்சரைப் பூட்டி, படலை திறந்தால் வீட்டுக்குள்ள விளக்கு விட்டுவிட்டு எரியிற மாதிரிச் செய்தனி. விளக்கு எரிஞ்சால் ஆரோ வருகினம். அம்மாவின்ர காது அந்த விளக்குத்தான்.

பிறகு நீ ஒருநாள் நெஞ்சு நோகுது எண்டு கதிரையில இருந்தாய். எழும்பேல்லை.

இந்த மாரிமழை தொடங்கினதில இருந்து விளக்கு ஆரும் வராமலே எரியத் தொடங்கிச்சுது. நான் நிக்கேக்கயும் பாத்தனான். படலை பூட்டினபடி இருக்கும், உள்ள விளக்கு எரியும். அம்மா உடன எழும்பி விறாந்தைக்குப் போவா. படலையைப் பாத்தபடி கனநேரம் நிப்பா. ஏன் எண்டு நானும் கேக்கேல்லை. உன்னைத்தான் பாக்கிறா எண்டு நான் நினைச்சனான். நீயும் இப்பிடித்தானே, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிப்பாய்?

உன்ர சிநேகிதன் சுதனிட்டச் செய்தியைக் காட்டினன். வாசிச்சுப்போட்டு, "இதைத்தான் அக்கா இந்த அப்டேற் திருத்துது. திறக்காமலே திறந்தது எண்டு காட்டுற பிழையாம். பாஸ்வேட்டைத் தாங்கோ, நான் போட்டுவிடுறன்" எண்டான்.

எனக்கு அந்த அவசரம் பிடிக்கேல்லை. உன்ர சிநேகிதன் எண்டாலும், ஏன் இவனுக்குப் பாஸ்வேட்? எங்கையோ ஒரு நாட்டில இருக்கிற கொம்பனிக்கு ஏன் எங்கட படலையில இவ்வளவு அக்கறை? படலை எப்ப திறக்குது, எப்ப பூட்டுது எண்டு தெரிஞ்ச ஆளுக்கு வயசுபோன மனிசி ஒண்டு வீட்டில எப்ப தனிய இருக்குது எண்டும் தெரியும்தானே?

"இடையில பிழைச்சால் என்ன நடக்கும்?" எண்டு கேட்டன்.

சுதன் ஒளிக்கேல்லை. "சில வேளை அந்தச் சாமான் திரும்ப வேலை செய்யாமலும் போகலாம்."

"அப்ப பிறகு பாப்பம்" எண்டு போனை வாங்கிக்கொண்டு வந்திட்டன். அவனுக்குச் சொன்ன காரணம் அது. உனக்கு மற்றக் காரணத்தையும் சொல்லுறன். விளக்குப் பொய்யா எரியிறது நிண்டால், அம்மா உன்னைப் பாக்கப் போறதும் நிண்டுபோகும். ஒரு பொத்தானை அமத்தி அதை நான் பறிக்கிறதோ?

போன கிழமை பாமசியை வெள்ளனப் பூட்டிச்சினம். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் முன்கதவு உள்ளால பூட்டு. தட்டினால் கேக்காதே. யன்னலால கையை ஆட்டினன். அம்மா கதவைத் திறந்தா. ஒரு கையில மண்வெட்டிப் பிடி. குசினியில காலமைச் சோறு தொடாமல் கிடந்தது.

என்ன நடந்தது எண்டு கையால கேட்டன்.

"விளக்கு எரிஞ்சது. போய்ப் பாத்தன், ஒருத்தரும் இல்லை. திரும்பவும் எரிஞ்சது."

போனில பெரிய எழுத்தில எழுதிக் காட்டினன்: தம்பி வாறான் எண்டோ போய்ப் பாக்கிறனீங்கள்?

அம்மா என்னை ஒரு மாதிரிப் பாத்தா. "உனக்கென்ன விசரோ? அவனுக்கு வாய்க்கரிசி போட்டது நான். செத்த பிள்ளை படலையைத் திறந்துகொண்டோ வரும்? எனக்கு உயிரோட இருக்கிறவையிலதான் பயம், பிள்ளை. திறந்துபோட்டு வேலியோட ஒளிச்சு நிண்டு பாக்கினமோ எண்டு பயம். முந்தி, சண்டைக் காலத்திலயும் அப்பிடித்தானே வந்தவை. உங்களுக்கெண்டால் காலடிச் சத்தம் கேக்கும். எனக்கு?"

ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டன்.

"சொன்னால் நீ வேலையை விட்டிட்டு எனக்குக் காவல் இருப்பாய்."

சுதன் சொன்னதை எழுதிக் காட்டினன். அம்மா ஆறுதலா வாசிச்சா. "இதுக்கு மருந்து இருக்குதெண்டால் இவ்வளவு நாளும் ஏன் பாத்துக்கொண்டிருந்தனி?"

அண்டு பின்னேரமே சுதனுக்குப் போன் எடுத்தன், குகன்.

ஞாயிறு காலமை சுதன் வந்தான். சென்சருக்குப் புதுப் பற்றரி போட்டான். பாஸ்வேட்டை நானே அடிச்சன், அவன் முகத்தைத் திருப்பி முற்றத்தைப் பாத்துக்கொண்டு நிண்டான். "முடிஞ்சோடன பாஸ்வேட்டை மாத்துங்கோ அக்கா, ஆரையும் நம்பாதேங்கோ" எண்டும் அவனே சொன்னான். அவனில இருந்த சந்தேகம் பாதி அப்பவே போச்சுது. கொம்பனியில இருக்கிற சந்தேகம் அப்பிடியே கிடக்குது.

அப்டேற் மெல்ல மெல்ல ஏறிச்சுது. பாதியில நிண்டுபோச்சுது. கறண்ட் வேற போயிடுமோ எண்டு பயந்தன். பற்றரியில ஓடுற சாமானுக்கு இப்பிடித்தான் நிண்டு நிண்டு ஏறும் எண்டான் சுதன். வாய் அப்பிடிச் சொன்னாலும் முகம் வேர்த்துக்கிடந்தது. அம்மா அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து குடுத்துப்போட்டு விளக்குக்கு முன்னால கதிரையைப் போட்டு இருந்தா. கடைசியில முடிஞ்சது எண்டு வந்தது.

நான் ஓடிப்போய்ப் படலையைத் திறந்தன்.

"எரியுது! எரியுது!" எண்டு உள்ளுக்கை இருந்து அம்மா கத்தினது அயலுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

அதுக்குப் பிறகு மழை பெய்தது, காத்து அடிச்சது, மாடுகள் வேலியை உரஞ்சிச்சுதுகள். விளக்கு எரியேல்லை. இப்ப அம்மாவுக்கு வேற சந்தேகம். "சும்மா இருக்குதோ, செத்துப்போச்சோ?" எண்டு கேக்கிறா. நான் வேலைக்குப் போகேக்க படலையை ரெண்டு தரம் திறந்து பூட்டுறன். அவா உள்ள இருந்து பாத்துத் தலையாட்டுவா. பிறகுதான் போவன்.

நேற்று வந்து பாத்தால் மத்தியானச் சாப்பாட்டுக் கோப்பை கழுவிக் கவிட்டிருக்குது. அம்மா முன்கதவைத் திறந்துவிட்டிட்டு, விறாந்தையில பாயைப் போட்டு நல்ல நித்திரை. நான் எழுப்பேல்லை.

இனி இந்த வீட்டில எது வந்தாலும், அம்மாவின்ர மனசில இதுதான் இருக்குது எண்டு நானா நினைச்சு முடிவெடுக்கமாட்டன். அவாட்டக் கேட்டுத்தான் செய்வன். இது உனக்கு நான் தாற வாக்கு.

அம்மாவோட இருக்கிற,
உன்ர அக்கா