புது ஆளின் நாற்காலி

அன்புள்ள மாமா,

நான் சேவைச் சங்கத்தில் சேரப்போகிறேன் என்றதும் கோபித்துக்கொண்டு பூண்டுலோயாவுக்கு, உங்கள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டீர்கள். நேற்று சேர்ந்துவிட்டேன்.

சங்கத்தில் இருப்பது ஒரே நாற்காலி. புது ஆளை அதில் உட்காரவைத்து மாலை போடுவது வழக்கம். நான் மாலையோடு உட்கார்ந்திருந்தபோது, பேச அழைத்திருந்த நம் தோட்டத்துப் பெரிய கங்காணி வந்தார்.

"எந்திரி புள்ள, நான் நிக்கிறது தெரியலையா?"

"இன்னிக்கு இது என் நாற்காலிங்க."

அடக்கத்தைப் பற்றி நின்றுகொண்டே பேசி முடித்தார்.

இன்று காலை ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் எனக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதனால்தான் எழுத நேரம் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு நாற்காலி காலியாக இருக்கும். சேருவதற்கென்றால் வாருங்கள், நானே மாலை கட்டுகிறேன். கங்காணியிடம் என்னை மன்னிப்புக் கேட்கவைக்க என்றால் அக்கா வீட்டிலேயே இருங்கள்.

இப்படிக்கு,
எழுந்திருக்காத உங்கள் மனைவி