பின்வரிசைக் கைதட்டல்

அம்மருட், ஒஸ்லோ
ஞாயிறு மாலை

அன்புள்ள கம்சிகாவுக்கு,

சாருகா எழுதுகிறேன். உன் இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன கிழமை ஐரோப்பிய நாடாளுமன்ற நேரலையில் பேசும்போது அடிக்கடி தண்ணீர் குடித்தாய். ஓம், இப்போதும் பார்க்கிறேன். நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. உனக்கு வாக்குப் போடவும் முடியாது, உன்னைத் தோற்கடிக்கவும் முடியாது. பார்க்க மட்டும்தான் எனக்கு உரிமை.

இங்கே பனி இன்னும் கரையவில்லை. நாங்கள் சறுக்கி விளையாடிய மேட்டை வெட்டிக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். உங்கள் வீட்டு லிஃப்ட் மட்டும் மாறவில்லை. நின்று, யோசித்து, பிறகுதான் கதவு திறக்கிறது.

உன் அப்பா இரவீந்திரன் மாமாவைக் கோயிலில் காண்பேன். நீ உப்சாலாவுக்குச் சட்டம் படிக்கப் போனது, சுவீடன் குடியுரிமை எடுத்தது, பழமைவாதக் கட்சியில் சேர்ந்து நகரசபைக்கு வந்தது, ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு இரண்டு முறை தெரிவானது எல்லாவற்றையும் மாமா வரிசை பிசகாமல் சொல்வார். யாராவது மந்திரி என்றால், மந்திரி இல்லை, உறுப்பினர் என்று திருத்துவார். அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்களை விரைவாகத் திருப்பி அனுப்பும் சட்டவரைவு உன் பொறுப்பில் வந்த பிறகு நிலைமை வேறு. மகள் எங்களை எப்ப பிளேன் ஏத்தப் போறா என்று சாப்பாட்டு வரிசையில் பகிடி விடுகிறார்கள். உனக்கு யன்னல் பக்கம் கேட்டுத் தாறன் என்று மாமாவும் சிரிக்கிறார். பிறகு பாயாசம் வாங்காமலே போய்விடுகிறார்.

ரொம்மன் பள்ளி மண்டபம் நினைவிருக்கிறதா? சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் பட்டிமன்றம். அகதிகளாக வந்தவர்கள் ஊர் திரும்ப வேண்டுமா, இங்கேயே இருக்க வேண்டுமா என்பது தலைப்பு. சீட்டு எடுத்துத்தான் அணி பிரித்தார்கள். எனக்கு இருக்க வேண்டும் என்ற அணி, உனக்குத் திரும்ப வேண்டும் என்ற அணி. நீ நடைவழியில் நின்று அழுதாய். சீட்டு எதைத் தருதோ அதைப் பேசவேணும் பிள்ளை என்று மேரியம்மா ரீச்சர் உன் மூக்கைத் துடைத்து மேடைக்கு அனுப்பினார்.

நீ பேசப் பேச என் பேச்சு எனக்கு மறந்துபோனது. பின்வரிசையில் மாமா எழுந்து நின்று கை தட்டினார். பக்கத்தில் உன் சற்குணம் சித்தப்பா. உங்கள் சோபாவில் படுத்துக்கொண்டு தன் விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருந்தவர். அவரும் தட்டினார். என்னை அனுப்பிறதெண்டால் இவளே வந்து சொல்லட்டும், சந்தோசமாப் போவன் என்றார். வயிறு நோகச் சிரித்தோம். அடுத்த தை மாதம், விண்ணப்பம் மறுக்கப்பட்டு, திருப்பி அனுப்பப் பொலிஸ் வந்து அவரைக் கூட்டிப்போனது. அதன்பிறகு நீ பட்டிமன்றப் பக்கமே வரவில்லை.

உன் நியாயங்கள் எனக்குத் தெரியும். குழுக்கூட்ட அறிக்கைகளை வாசித்தேன். ஒருவரை வருடக்கணக்காக முடிவு சொல்லாமல் வைத்திருப்பதும் கொடுமைதான் என்று நீ சொன்ன இடத்தில் எனக்கு அந்தச் சோபா தெரிந்தது. அங்கே பேசியது நீ. மற்ற இடங்களில், சீட்டில் வந்ததைப் பேசும் பிள்ளையைக் கண்டேன். பிழையாக விளங்கியிருந்தால் மன்னித்துக்கொள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வாக்கெடுப்புக்கு முன் நீ பேசும் நாளில் மாமா ஸ்ட்ராஸ்பூர்க் வருகிறார். நாடாளுமன்றப் பார்வையாளர் மாடத்தில் இடம் பதிந்துவிட்டார். துணைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார். அவளுக்குச் சொல்லாதை, பதறுவாள் என்றார். சொல்லாமல் வந்து உட்காருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அங்கே பார்வையாளர்கள் கை தட்டக் கூடாதாம். அந்த விதியை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். தானும் ஒரு தரம் வாங்கி வாசித்தார். பிறகு, நல்ல விதி, அப்பா ஏன் தட்டேல்லை எண்டு பிள்ளை யோசிக்காது என்றார்.

எந்தப் பக்கம் பேசப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. இந்த முறை யாரும் உனக்குச் சீட்டு நீட்டவில்லை என்று நினைத்துப் பேசு. முடித்ததும் ஒரு தரம் மேலே பார். நாங்கள் பின்வரிசையில் இருப்போம்.

மாறாத அன்புடன்,
சாருகா