லொறி சுதாகரன் பார்த்துவிட்டார்

கொழும்பு,
ஞாயிறு

மரியாதைக்குரிய அப்பாவுக்கு மகள் மெரினாவின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

புதன்கிழமை வேலையாக உடப்புசல்லாவை வரை வந்தேன். மஸ்கெலியாவுக்கு வர லீவு கிடைக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அங்கே மரக்கறிக் கம்பனி நடத்தும் நல்லமுத்து ஐயாவுக்கு எங்கள் மென்பொருளைக் கொடுத்திருக்கிறோம். கடைகள் கேட்பதை அதுவே களஞ்சியத்துக்கும் லொறிக்காரருக்கும் அறிவித்துவிடும். ஆனால் அவர் பொத்தானை அழுத்திய பிறகும் எல்லாருக்கும் போன் எடுத்தார். மென்பொருளே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். எனக்குக் காரணம் தெரிந்தே ஆகவேண்டும் போலிருந்தது.

"ஏங்க ஐயா, அதுதான் அனுப்பிருச்சே?" என்றேன்.

"அனுப்பிருச்சு புள்ள. அவங்க பாத்தாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

திரையில் 'செயல்முறை நிறைவு' என்று மட்டும் இருந்தது. லொறிக்காரர் தன் போனில் பார்த்துச் சரி என்று அழுத்தினால் இங்கே தெரியும்படி, அங்கேயே உட்கார்ந்து அதை மாற்றினேன். அடுத்த முறை, 'லொறி சுதாகரன் பார்த்துவிட்டார், புறப்படுகிறார்' என்று வந்தது. ஐயா திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு, கையிலிருந்த போனை மேசையில் வைத்தார்.

"இப்பதான் நம்ம ஆளு பேசுற மாதிரி இருக்கு. இருக்கட்டும், கழட்டாதீங்க."

அப்பா, எனக்கு லேசான இருமல்தான், அதற்குக் கொத்தமல்லி எவ்வளவு போடுவது என்று அம்மாவிடம் கேளுங்கள். எழுத வேண்டாம், அம்மாவே போனில் பேசிப் பதிந்து அனுப்பட்டும். நீளமாகப் பேசினாலும் பரவாயில்லை.

ஊருக்கு வரும் திலக்ஷன் அண்ணன் வாசலில் அவசரப்படுத்துகிறார். இதை அவர் கையில் கொடுக்கிறேன்.

உங்கள் மெரினா