நாவுல சாவடியில் இறக்கப்பட்டவளுக்கு

இன்று காலை அலுவலகத்தில் புது சர்வர் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தோம். அந்தப் புது பிளாஸ்டிக் மணம் மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய்.

மாத்தளையில் இருந்த அந்தச் சின்ன மென்பொருள் கம்பனியில் தமிழ்ப் பெண்கள் நாம் இருவர்தான். நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. நீ கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தாரின் மகள். தம்புள்ளை ஹோட்டல் ஒன்றுக்கு அறை பதியும் செயலி செய்திருந்தோம். எந்த அறை காலி என்பதை அங்கிருந்த மூன்று சர்வர்களும் கேஷ் என்ற தற்காலிக நினைவகத்தில் பகிர்ந்து வைத்திருக்க வேண்டும். பகிரவில்லை, ஒரே அறையை இரண்டு பேருக்கு விற்றன. ஒவ்வொரு சர்வரிலும் கேஷ் லைப்ரரி வேறு வேறு பதிப்பு என்று கண்டுபிடித்தவள் நீ.

"விசரி, லைப்ரரியையும் செயலியோட ஒரே பெக்கேஜில கட்டுவம். மூண்டிலயும் அதையே போட்டால் சரி" என்று சிரித்தாய்.

அதைப் போடத்தான் தம்புள்ளைக்குப் பஸ் ஏறினோம். போர்க்காலம்; வழியில் நாவுல ராணுவச் சாவடியில் சோதனைக்கு இறக்கினார்கள். உன் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். சிப்பாய் உன்னைப் பற்றி விசாரிக்க நம் மேனேஜருக்குப் போன் போட்டான். அவரும் தமிழர்தான்.

"ஒரு ஆளைத்தான் அனுப்பினேன். மற்றவளைத் தெரியாது" என்றார் சிங்களத்தில். ஸ்பீக்கரில் நீயும் கேட்டாய்.

"சேர், எல்லாத்தையும் செஞ்சதே இவங்கதானே சேர்!" என்று கத்தினேன். அவர் வைத்துவிட்டார். உன்னை ஜீப்பில் ஏற்றினார்கள். நான் உன் அம்மாவிடம் ஓடினேன். மறுநாள் வேறொருவன் தம்புள்ளைக்குப் போய் உன் பெக்கேஜைப் போட்டான். அன்றே எல்லாம் சரியாயிற்று.

பல மாதம் கழித்து வந்தாய், முன்பற்கள் இல்லாமல். மேனேஜரிடம் வேலை கேட்டுப் போனோம்.

"எல்லாம் நல்லா ஓடுது தங்கச்சி. ஒடைஞ்சா கூப்பிடுறேன்" என்றார்.

உடையவேயில்லை. நீ அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தாய்.

படியிறங்கும்போது சொன்னாய்: "ஒரு பிழையாவது விட்டிருக்கலாமடி."

அந்த மழைக்காலம் முடியுமுன் சிறுநீரகம் பழுதாகிப் போய்ச் சேர்ந்தாய். அடிபட்ட இடம் என்றார் டாக்டர். மேனேஜர் அனுப்பிய மலர்வளையத்தை உன் அம்மா, எல்லோரும் பார்க்கச் சாக்கடைக் கானில் எறிந்தார்.

அவர் இப்போது பெரிய ஆள். கூட்டங்களில் என்னைக் கண்டால் சிரித்துக்கொண்டே கை நீட்டுவார். நான் உன் பெயரைச் சொல்வேன், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி. வேறொரு வார்த்தை பேசமாட்டேன்.

நீட்டிய கை தானாக இறங்கும்.