பினைன்

12 நவம்பர் 1958, புதன்

காலையிலிருந்து தூறல். பள்ளிக்கு அரைநாள் லீவு. புதுக்கோட்டை ஆஸ்பத்திரி. லேடி டாக்டர் மார்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு நர்ஸிடம் இங்கிலீஷில் பேசினார். ஒரு சொல் மட்டும் காதில் நின்றது. பினைன். என்னிடம், "கட்டிய எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிருவோம், பயப்படாதீங்கம்மா." அர்த்தம் கேட்க வெட்கம். தமிழ் டீச்சருக்கு இங்கிலீஷ் இவ்வளவுதான். வீட்டில் இவரிடம் 'ஒன்றுமில்லை' என்றேன். ரசத்தில் உப்பு போட மறதி.

13, வியாழன்

பள்ளி அகராதியில் பி, ஐ என்று தேடினேன். இல்லை. வெட்கத்தை விட்டு, இங்கிலீஷ் எடுக்கும் கிரேஸ் டீச்சரிடம் போனேன்.

"பிக்கு அடுத்தது ஈ டீச்சர். கடைசி எழுத்துக்கு முந்தி ஒரு ஜி வரும். எழுதணும், சொல்லக் கூடாது."

லத்தீன் வேராம். நல்லவிதமாகப் பிறந்தது. அதிலிருந்து சாந்தமான, கருணையுள்ள.

"பினைன் கிங்னா இரக்கமுள்ள ராஜா. நீங்க எதுல பாத்தீங்க?"

"பாக்கல. எனக்கு ஒரு கட்டி. டாக்டர் சொன்னாங்க."

சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். பிறகு மெதுவாக, கட்டிக்குச் சொன்னால் உயிருக்கு ஆபத்தில்லாதது என்றார். எதிர்ச்சொல் கேட்டேன். தயங்கித்தான் சொன்னார். மலிக்னன்ட். கெட்ட எண்ணமுள்ளது.

20, வியாழன்

கட்டி எடுத்தாயிற்று. மதராஸுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் செல்லம்மாள், கந்தர்வக்கோட்டைப் பக்கம். அவருக்கும் இதே ஆபரேஷன். புருஷன் மலேயாவில், விவசாயம் முழுக்க இவர் கையில். தூக்கத்திலும் மழையைப் பற்றித்தான் பேச்சு.

3 டிசம்பர், புதன்

ரிசல்ட் வந்தது. எனக்கு பினைன். போர்வைக்குள் அழுதேன். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய் நர்ஸிடம் தணிந்த குரலில் சொன்னார். மலிக்னன்ட். அழுகை நின்றுவிட்டது.

டாக்டர் போனதும் செல்லம்மாள், "ஒங்களுக்குச் சொன்னதத்தான் எனக்கும் சொன்னாங்களா டீச்சர்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். முகத்தைப் பார்த்தேன்.

"இல்லீங்க. எந்திரிங்க, டாக்டரத் தமிழ்ல சொல்லச் சொல்லுவோம். நானும் வாரேன்."

4, வியாழன்

நேற்று டாக்டர் எதையும் மறைக்கவில்லை. மதராஸ் போக வேண்டும், உடனே. வைத்தியம் இருக்கிறது. செல்லம்மாள் என் கையை விடாமல் கேட்டார்.

"தை அறுப்பு முடிஞ்சு போனா ஆகாதுங்களா?"

"ஆகாதும்மா."

சனிக்கிழமை ரயில். துணைக்கு ஆளில்லை, நான் போகிறேன். பள்ளிக்கு லீவுக் கடிதம் எழுதியாயிற்று: அக்காவுக்கு உடல்நலமில்லை.